வாழைச்சேனைப் பக்கத்து மிட்வைஃப் அக்காவுக்கு

32 வாரத்தில் பிறந்த பிள்ளை. 22 வார வயதில் வலது கை விரிகிறது, இடது கை பொத்தினபடியே. "குறைமாசம்தானே, போகப் போகச் சரிவரும்" என்றார்கள் எல்லாரும்.

அக்கா, நீங்கள் வந்தது நிறை பார்க்க. ஆனால் முந்திப் பிறந்த 8 வாரத்தைக் கழித்து, திருத்திய வயது 14 வாரம் என்று கணக்குப் போட்டீர்கள். தாயிடம் கேட்டு, பிள்ளை அழாமல் முழித்திருந்த நேரம் பாயில் மல்லாத்தி, கிலுக்கு, சூப்பி எல்லாம் அகற்றி, முழு உடம்பும் தெரிய 3 நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பினீர்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஓடவேண்டிய சின்னச் சின்ன நெளிவுகள் அதில் இல்லை. அவை இல்லாதது பெருமூளை வாதம் (cerebral palsy) இருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை; முடிவான தீர்ப்பல்ல. ஆனால் திருத்திய வயது 20 வாரம் தாண்டினால் பார்க்கவே கிடைக்காத அடையாளம்.

பிசியோதெரபித் திகதி வருமட்டும் சும்மா விடவுமில்லை. துவாயைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்து, முழங்கை தோளுக்குச் சற்று முன்னால் வரக் குப்புறக் கிடத்திக் காட்டினீர்கள். கிலுக்கை இடது கைக்குக் கிட்டப் பிடித்துக் காத்திருக்கச் சொன்னீர்கள். தாய் பொறுக்காமல் கையை இழுத்து அதில் வைத்தபோது, "நீங்க அசைச்சா அது உங்கட அசைவு மகள், புள்ளட இல்ல" என்றீர்களே! பயிற்சி பிழைப்பது பெரும்பாலும் அங்கேதான். (எண்ணெய் தடவி உருவுவதும் அப்படித்தான்: சுகம், பயிற்சியல்ல.)

இது உங்கள் கண்ணில் படட்டும். பிள்ளையின் இடது பெருவிரல் இப்போது பொத்தலுக்கு வெளியே நிற்கிறது. நன்றி அக்கா.