வேதாகம நாடுகளுக்குக் கல்விப் பயணம்: ஆயத்தம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகம நாடுகளுக்குக் கிறிஸ்தவக் கல்விப் பயணம் அழைத்துச் செல்வதாக வெளிவரும் அறிவிப்புகளைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பத்துப் பன்னிரண்டு நாள்களில் எகிப்து, யோர்தான், இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகள் அனைத்தையும் காட்டிவிடுவதாகச் சொல்லும் அவற்றில் இடங்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. தங்கும் விடுதியின் தரமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் புறப்படுவதற்கு முன் பயணிகள் எதைப் படிக்க வேண்டும், யார் கற்பிப்பார், எத்தனை வகுப்புகள் நடக்கும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. கல்வி என்ற சொல் தலைப்போடு நின்றுவிடுகிறது.

இதை நான் குறையாக எழுதுவதற்குச் சொந்த அனுபவமே காரணம். என் முதல் பயணத்தில் கப்பர்நகூமில் எங்கள் குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். வெள்ளைக் கல் தூண்கள் நிற்கும் ஜெபஆலயத்தைக் காட்டி, இயேசு போதித்த இடம் இதுதான் என்றார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், அந்தச் சுண்ணாம்புக்கல் கட்டடம் பொதுவாக 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது என்பதும், அதன் அடியில் தெரியும் கருங்கல் வரிசையைத்தான் ஆய்வாளர்கள் பலர் முற்பட்ட ஜெபஆலயத்தின் எச்சமாகக் கருதுகிறார்கள் என்பதும் தெரியவந்தன. பார்க்க வேண்டியது என் காலடியில் இருக்க, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு மணி நேர வகுப்பு முன்கூட்டியே நடந்திருந்தால் அந்த இருபது நிமிடமே போதுமானதாக இருந்திருக்கும்.

ஆயத்தத்தில் முதலாவதாக வர வேண்டியது வரைபடம். அதுவும் ஊர்ப்பெயர்களை மட்டும் காட்டும் படமன்று, மேடுபள்ளம் காட்டும் படம். எருசலேம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் மலைமுதுகில் இருக்கிறது. எரிகோ கடல்மட்டத்திற்குக் கீழே சுமார் 250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி 25 கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், அதற்குள் ஆயிரம் மீட்டர் இறங்கியாக வேண்டும். நல்ல சமாரியன் உவமையில், நாம் வழக்கமாகப் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் ‘போகையில்’ கள்ளர் கையில் அகப்பட்டான் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள வினையோ ‘இறங்கிச்செல்லுதல்’ என்பதாகும். வறண்ட பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் அந்த மலைவழியை உயரக் கணக்கோடு மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, கள்ளர் ஏன் அங்கே பதுங்கினார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஏற்றத்தைத் திருப்பிப் போட்டால் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களின் தலைப்பும் துலங்கும். ஆரோகணம் என்றதும் நமக்கு ஸ்வரங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஏறியவை பண்டிகைக்குப் போனவர்களின் கால்கள் என்பதே பரவலான விளக்கம்.

கலிலேயாக் கடலும் இப்படித்தான். சுமார் 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி அது. கடல்மட்டத்திற்கு 210 மீட்டர் அளவு கீழே, குன்றுகள் சூழக் கிடக்கிறது. மலைகளின் குளிர்காற்று சட்டென்று அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும்போது ஏரி கொந்தளிக்கிறது. 1986-இல் நீர்மட்டம் தாழ்ந்தபோது சேற்றிலிருந்து எடுக்கப்பட்ட, முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கணிக்கப்படும் மீன்பிடி படகு 8 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளமே உடையது. ஏரிக்கரையிலுள்ள கினோசரில் அதைப் பார்க்கப் போகிறவர்கள், புயலை அமர்த்திய பகுதியை முந்தின இரவே படித்துவிட்டுப் போக வேண்டும்.

பருவமும் பாடத்தின் பகுதியே. முன்மாரி, பின்மாரி என்று நம் வேதாகமம் அழகாகச் சொல்லும் மழைகளில், முதலாவது அக்டோபர், நவம்பரை ஒட்டித் தொடங்குகிறது. பின்னது மார்ச், ஏப்ரலோடு முடிகிறது. கோடையில் சவக்கடல் ஓரத்தில் வெப்பம் 40 பாகையை எட்டுவது சாதாரணம். ‘தெற்கத்தி வெள்ளங்கள்’ என்று 126-ஆம் சங்கீதம் குறிப்பிடும் திடீர் வெள்ளம், தொலைவில் பெய்த மழையால் வறண்ட ஓடைகளில் இன்றும் பாய்கிறது. ஆகவே குளிர்கால மாதங்களில் செல்வோர் வழிகாட்டியின் எச்சரிக்கையை மீறி ஓடைப் பள்ளங்களில் இறங்கக் கூடாது.

அமைப்பாளர்கள் அநேகமாகச் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு. வேதாகம நிலத்தில் கிடைத்த பொருள்களில் முக்கியமான பல, கிடைத்த இடத்தில் இப்போது இல்லை. எருசலேமில், எசேக்கியா ராஜாவின் காலத்ததாகக் கருதப்படும் சுரங்கக் கால்வாயில் 533 மீட்டர் தூரம் தண்ணீரில் நடந்து வெளியேறுகிறோம். இரு முனையிலிருந்தும் பாறையைக் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டோ, 1880-இல் கண்டெடுக்கப்பட்டு இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது; அங்கே நிற்பது நகல், மூலக்கல் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.மு. 701-இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் லாகீசு நகரை முற்றுகையிட்டதைக் காட்டும் புடைப்புச் சிற்பங்களைக் காண லண்டனுக்குப் போக வேண்டும். மோவாபின் ராஜாவாகிய மேசாவின் கல்வெட்டுக்குப் பாரிசுக்கு. இவற்றின் படங்களையும் வாசகங்களின் மொழிபெயர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ளாமல் லாகீசு மேட்டில் ஏறுகிறவர் காண்பது வெறும் மண்மேடுதான். அந்த ஏமாற்றத்துக்கு மேடு பொறுப்பாகாது.

இடங்களைப் பற்றிய உண்மையையும் முன்பே சொல்லிவிட வேண்டும். மரபு ஒன்று சொல்லும், அகழாய்வு வேறொன்று சொல்லும், சில இடங்களில் இரண்டும் நெருங்கி வரும். எருசலேமின் பழைய நகரைச் சுற்றி இன்று நாம் காணும் மதில் 16-ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசுவின் கல்லறை ஆலயம் அந்த மதிலுக்குள் இருப்பதைக் கண்டு, நகரவாசலுக்குப் புறம்பே என்ற வசனத்தோடு இது பொருந்தவில்லையே என்று குழம்புவோர் பலர். முதல் நூற்றாண்டில், சிலுவையேற்றம் நிகழ்ந்த காலத்தில், அந்த இடம் மதிலுக்கு வெளியே இருந்தது என்ற விவரம் தெரிந்தால் குழப்பம் நீங்கும். மறுபுறம், இயேசுவின் கல்லறை இதுவே என்று சிலர் கருதும், அமைதி நிறைந்த தோட்டக் கல்லறை நம் மனத்தைத் தொடுவது உண்மையே என்றாலும், அது இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்ட கல்லறை என்பதே தொல்லியலாளர் பலரின் முடிவு. அங்கே அமர்ந்து ஜெபிக்க அது தடையன்று. ஆனால் ஜெபிப்பதையும் சான்று கூறுவதையும் ஒன்றாக்கிக் கற்பிக்கக் கூடாது. இத்தகைய செய்தி விசுவாசத்தை அசைத்துவிடும் என்று அஞ்சும் போதகர்களை நான் அறிவேன். என் பார்வையில், அங்கே போய் நின்றபின் வழிகாட்டியின் வாயிலிருந்து திடீரென்று கேட்பதைவிட, தம் சபையின் வகுப்பில் பொறுமையாகக் கேட்பது எவருக்கும் நல்லது.

உடல் ஆயத்தத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகுவதும், படியேறிப் பார்ப்பதும், வழுக்காத பழகிய காலணியைத் தேர்ந்தெடுப்பதும் போதும். பழைய நகரின் தளக்கற்கள் தேய்ந்து மெருகேறிக் கிடக்கின்றன. சீனாய் மலை என மரபு காட்டும் சிகரம் 2,285 மீட்டர் உயரம். நள்ளிரவில் ஏறுவோருக்குக் கம்பளி ஆடை தேவை. இடுங்கிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் எசேக்கியாவின் சுரங்கத்தைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள நீரில்லாத பழைய வழியில் வரலாம். இதை வரிசையில் நிற்கும்போது அல்ல, முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாளாதலால் இஸ்ரேலில் பொதுப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிடும்.

இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே வாழ்கிற மனிதரைப் பாராமல் திரும்புவது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. பெத்லகேம், பெய்த் சாகூர், நாசரேத் ஆகிய ஊர்களில் அரபி பேசும் கிறிஸ்தவச் சபைகள் இன்றும் இருக்கின்றன. அவர்களோடு ஒரு ஆராதனையிலாவது கலந்துகொள்ள நேரம் ஒதுக்க வேண்டும். பெத்லகேமுக்குள் போகும்போது வழிகாட்டி மாறுவதைக் கண்டு பயணிகள் வியக்கிறார்கள். பாலஸ்தீன நிர்வாகத்திலுள்ள அப்பகுதிக்குள் தன் குடிமக்கள் நுழைவதை இஸ்ரேல் தடை செய்திருப்பதே அதற்குக் காரணம். தடுப்புச் சுவரும் சோதனைச் சாவடியும் ஏன் இருக்கின்றன, அவற்றைப் பற்றி இரு தரப்பாரும் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு வகுப்பு ஒதுக்குவது அரசியல் பேசுவதாகாது. எருசலேம் கோயில் மேட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குறிப்பிட்ட நாள்களும் மணிகளும் மட்டுமே உண்டு என்பதையும், நெடுநாளைய ஏற்பாட்டின்படி அங்கே அவர்கள் ஜெபிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

2023 அக்டோபரில் மூண்ட போருக்குப் பிறகு எந்தப் பயணமும் நிச்சயமில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பணம் கட்டும் முன்பும் புறப்படும் வாரத்திலும் படிக்க வேண்டும். பயணம் ரத்தானால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். பயணக் காப்பீடுகள் பலவற்றில் போர் விலக்கப்பட்டிருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். வழி அடைபட்டால் துருக்கி இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளும் அங்கேதான். அவற்றில் ஒன்றான லவோதிக்கேயாவில் நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள் படிந்த வெள்ளைச் சரிவு தெரிகிறது. கொலோசெயின் பக்கமோ குளிர்ந்த நீர். லவோதிக்கேயா சபையைக் குறித்த ‘குளிருமல்ல அனலுமல்ல’ என்ற கடிந்துகொள்ளுதலை ஆய்வாளர் பலர் இந்த நீரோடு சேர்த்தே விளக்குகிறார்கள்.

ஆகவே பயண அமைப்பாளர்களுக்கும் சபைகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். புறப்படுவதற்கு முன் குறைந்தது ஆறு வகுப்புகள் நடத்துங்கள். அவற்றின் பாடத்திட்டத்தையும் கற்பிப்பவரின் தகுதியையும் அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். வகுப்புக்கு வராதவரையும் கட்டணம் கட்டிவிட்டார் என்பதற்காக அழைத்துப் போகலாம். ஆனால் அப்பயணத்தைக் கல்விப் பயணம் என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
வேதாகமக் கல்விக் குழு ஒன்றின் பொறுப்பாளர்