ஒரு பக்கம் சாய்ந்த பொதி

பத்மநாபபுரம்

அன்புள்ள தாணு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து இங்கே எல்லோருக்கும் ஆறுதல். கேதார்நாத் போய்வந்ததைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய். கோயிலைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். உனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது வழியில் கண்ட கோவேறு கழுதைகளின் கதை.

கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதை. கோயில் இருப்பது 3,500 மீட்டருக்கும் மேலே. வண்டி ஏற முடியாத அந்த வழியில் அரிசி, பருப்பு, சிமெண்ட், சமையல் சிலிண்டர் என்று மேலே இருப்பவர்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த விலங்குகளின் முதுகில்தான் போகிறது. உன் தங்கச்சி (என் வீட்டுக்காரியைத்தான் சொல்கிறேன்) முழங்கால் வலியோடும் அவற்றின் மேல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக நடந்தே ஏறினோம்.

புறப்படும் முன் அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சுமை ஏற்றுவதை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். நிரப்பிய சிலிண்டர் ஒன்று சுமார் 30 கிலோ இருக்கும். இருவர் இரு பக்கமும் நின்று, ஒரே மூச்சில் ஆளுக்கொன்றாகத் தூக்கிக் கட்டினார்கள். பிறகு நடுவில் ஒரு மூட்டை. கட்டி முடித்ததும் அவர்களில் மூத்தவர் சேணத்தின் அடியில் உள்ளங்கையை நுழைத்துத் தடவிப் பார்த்தார். பின்பு பத்தடி விலகிப்போய், விலங்கின் வாலுக்கு நேராக நின்று, சுமை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அந்த நிற்பைக் கண்டவுடன் எனக்கு உன் பாட்டாவின் நினைவு வந்துவிட்டது.

உனக்கு மறந்திருக்காது. நாம் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், பூதப்பாண்டியிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாக அவருடைய பொதிமாடுகளின் பின்னால் நாமும் மலையேறினோம். போகும்போது உப்பும் கருவாடும் கருப்பட்டியும், திரும்பும்போது மிளகும் புளியும். முன்னால் போன மயிலைக்காளையின் இடப்பக்கச் சாக்கில் கருப்பட்டி இருந்தது. தையலைப் பிரித்து, பாட்டா பார்க்காத வளைவுகளிலெல்லாம் எடுத்துத் தின்றுகொண்டே போனோம். எத்தனை வட்டு தின்றோம் என்று எனக்குக் கணக்கில்லை. பாதி மலையில் பாட்டா காளையை நிறுத்தி, பின்னால் போய் நின்று பார்த்தார். நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து இடப்பக்கச் சாக்கில் போட்டார். மேலே போய்ப் பொதியை இறக்கியபோது, வலப்பக்கம் இழுபட்ட மெத்தை உரசி உரசி, காளையின் முதுகுத்தண்டின் மேல் தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்கு அவர் வேப்பெண்ணெய் தடவியதை நான் பார்த்தேன். நீ அப்போது ஓடையில் குளித்துக்கொண்டிருந்தாய்.

பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள் வருகின்றன அல்லவா? நாம் சக்கை என்று சொல்லும் பலாப்பழத்தைப் போலத் தோன்றும் அந்தச் சுமையைப் புலவர் ‘புணர்ப்பொறை’ என்கிறார். இரு பக்கமும் இணைந்த சுமை. கட்டத் தெரிந்தவன் கட்டியதுதான் அது. அப்படியிருந்தும் அந்தக் கழுதைகளின் முதுகை ‘வடு ஆழ் நோன்புறம்’ என்றே எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த அடியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘வடு’ என்ற சொல்லுக்கு ‘தழும்பு’ என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன்.

கோவேறு கழுதை என்பது ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இதற்கு 63; அதனால்தான் பெரும்பாலும் இதற்குக் குட்டி வாய்ப்பதில்லை. பழைய தமிழில் இதன் பெயர் அத்திரி. கோவலன் கடலாடப் போனபோது ஏறிப்போனது இதன் மேல்தான். வணிகனுடைய சவாரிக்குப் பெயர் பெற்றிருந்த பிராணி இன்று சிலிண்டர் சுமக்கிறது.

அதே இமயத்தில் ஆடுகளும் சுமை சுமந்திருக்கின்றன. திபெத்து எல்லையை ஒட்டிய மலைகளில் வாழும் போட்டியா வணிகர்கள் ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இரண்டு சிறு பைகளைக் கட்டித் திபெத்து உப்பைக் கணவாய்கள் வழியாகக் கொண்டுவருவார்கள். 1962 சீனப் போரோடு அந்த வழிகள் அடைபட்டுப்போயின. ஓர் ஆட்டுக்குப் பத்துக் கிலோ அளவுதான் சுமை என்றாலும், மந்தையாக வரும்போது அது பெருவணிகமாகிவிடும்.

மேலே போகப் போக எல்லாரும் அந்தக் கௌரிகுண்டுப் பெரியவரைப் போல் இல்லை. நெற்றியில் இரத்தம் காய்ந்த ஒன்றையும், சேணத்துக்கடியில் கிழிந்த சாக்கைத் திணித்து ஓட்டிவரப்பட்ட மற்றொன்றையும் கண்டேன். 2025 மே மாதத்தில் குதிரைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் பரவி, அந்தப் பாதையில் பல விலங்குகள் இறந்ததால், அவற்றின் போக்குவரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள் என்று நாளிதழில் படித்திருப்பாய். ஓட்டுகிறவர்களை மட்டும் குறைசொல்லவும் மனம் வரவில்லை. பருவம் சில மாதங்கள்தான். அதற்குள் ஆண்டு முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டும்.

நாட்டில் கழுதைகளின் எண்ணிக்கை 2012 கணக்கெடுப்பில் 3.2 லட்சமாக இருந்து 2019இல் 1.2 லட்சமாக இறங்கிவிட்டது. நம் மலைகளில் பொதிமாட்டைக் கடைசியாக எப்போது கண்டோம் என்று யோசித்தால் எனக்கு அந்த மயிலைதான் கண்ணில் நிற்கிறது. தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்கு மட்டும் தேர்தல் வரும்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

பழைய வீட்டை இடித்துக் கட்டப் போவதாக எழுதியிருந்தாய். பரண்மேல் பாட்டாவின் பொதிமெத்தையும் கயிறும் கிடந்தால் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரனிடம் போடவேண்டாம். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் சுசீந்திரம் வரும்போது அங்கேயும் வருவேன். ஒன்று மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன்: கருப்பட்டியை எடுத்தது நாம்தான் என்று நீ எப்போதாவது பாட்டாவிடம் சொன்னாயா? நான் சொல்லவில்லை.

அன்புடன்,
நீலகண்டன்