மாதவிடாய் நின்ன பிறகு வர்ற அரிப்பு எல்லாம் பூஞ்சை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மகளிர் பக்கத்துல மெனோபாஸ் பத்தி போட்டிருந்தீங்க, உடம்பு கொதிக்கிறது, தூக்கம் வராதது, எலும்பு தேயறது எல்லாம் இருந்துச்சு, ஆனா பொம்பளைங்க யார்கிட்டயும் சொல்ல முடியாம தவிக்கிற பெண்ணுறுப்பு அரிப்பு, எரிச்சல் பத்தி ஒரு வரி கூட இல்ல.

எனக்கு 54 வயசு, மாதவிடாய் நின்னு மூணு வருஷம் ஆச்சு. அரிப்பு வந்ததும் பூஞ்சைதான்னு நானே முடிவு பண்ணி ஃபார்மசியில குளோட்ரிமசோல் மாத்திரை வாங்கி உள்ள வச்சேன், போகல, மறுபடி வாங்கினேன், சோப்பு போட்டு உள்ள வரைக்கும் கழுவினேன், எரிச்சல் கூடினதுதான் மிச்சம். ஒரு வருஷம் இப்படியே ஓட்டிட்டு கடைசியில இங்க பிறையில அரசாங்க கிளினிக்குக்குப் போய் கவுண்டர்லயே லேடி டாக்டர் வேணும்னு கேட்டேன், ஒரு ரிங்கிட்தான் கட்டணம். பஞ்சுக்குச்சியில எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. பூஞ்சையே இல்ல! ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் கொறைஞ்சதால உள்தோல் மெலிஞ்சு காய்ஞ்சு போயிருக்காம், அங்க புளிப்புத்தன்மையைக் காப்பாத்துற நல்ல பாக்டீரியாவும் கொறைஞ்சிடுமாம். பூஞ்சை வளர ஈஸ்ட்ரோஜன் தோதா இருக்கும், அதனால மாதவிடாய் நின்ன பிறகு அது பொதுவா கொறையத்தான் செய்யும்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. உள்ள போடற ஈஸ்ட்ரோஜன் மருந்து எழுதிக் கொடுத்தாங்க, சில வாரத்துல எரிச்சல் அடங்கிடுச்சு. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க இந்த மருந்தை எடுக்கறதுக்கு முன்னாடியே அதை டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

ஆனா என் அக்காவுக்கும் இதே அரிப்பு, அவங்களுக்கு நெஜமாவே பூஞ்சை, தயிர் மாதிரி கட்டி கட்டியா வெள்ளைப்படுது. அவங்களுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), அதுக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடறாங்க, அது சர்க்கரையை சிறுநீர் வழியா வெளியேத்துறதால பூஞ்சைக்குத் தீனி கிடைச்சிடுது. அதுக்காக மாத்திரையை நாமளா நிறுத்தக்கூடாது, டாக்டர்கிட்ட சொல்லணும். 2023 மலேசிய தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு, அதுலயும் நம்ம இந்தியர்கள்தான் அதிகம், அப்போ எத்தனை வீட்டுல எத்தனை அக்கா வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க?

இன்னொண்ணு, மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்க, புற்றுநோயாவும் இருக்கலாம்.

அடுத்த வாரமே இதை ஒரு டாக்டரை விட்டு எழுதச் சொல்லுங்க ஐயா. 'அந்தரங்கப் பிரச்சனை'ன்னு போடாம பெண்ணுறுப்புன்னே போடுங்க, சுத்தி வளைச்சு எழுதினா என் அக்காவுக்கு அது தன்னைப் பத்தித்தான்னு புரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பிறை, பினாங்கு