இரவுத் தபால் வண்டி நேரத்துக்குக் கொழும்பு சேர வேண்டும்

புகையிரத சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருகோணமலையிலிருந்து புறப்படும் இரவுத் தபால் வண்டியின் தாமதத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. சென்ற மாதம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவை இருதய கிளினிக்குக்காகக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றேன். கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டது. ஏன் நின்றது, எப்போது புறப்படும் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. மின்விசிறியும் ஓய்ந்துபோன பெட்டியில், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய கால்களை எதிர் இருக்கையின் விளிம்பில் நீட்டியபடி, எழுபத்தொரு வயதில் அவர் விடியும்வரை விழித்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நம்பர்கள் கொடுத்து முடிந்திருந்தன. அடுத்த திகதி மூன்று மாதங்களுக்குப் பிறகுதான்.

முறையிட்டபோது, "டீசல் எஞ்சின், பழைய பாதை, இதற்கு மேல் என்ன செய்வது?" என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அந்த மின்சாரத்தில் மோட்டர்கள் சில்லுகளை உருட்டும் இதே முறையில்தான், 1933இல் ஜெர்மனியின் 'பறக்கும் ஹம்பர்க்கர்' என்ற புகையிரதம் பேர்லினிலிருந்து ஹம்பர்க் வரையான 286 கிலோமீட்டரை 138 நிமிடங்களில் கடந்தது. இங்கிருந்து கொழும்புக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரந்தான். எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் போதவில்லை. பிரித்தானியாவில் 1987 நவம்பர் 1ஆம் திகதி ஒரு டீசல் மின் வண்டி மணிக்கு 238 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது, யோர்க்குக்கும் டார்லிங்டனுக்கும் இடையே 1841இல் திறக்கப்பட்ட பாதையில். எங்கள் பாதையோ இருபதாம் நூற்றாண்டில் போடப்பட்டது. ஆகவே பாதையின் வயதைக் காரணம் காட்டாதீர்கள். தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளையும் சமிக்ஞைகளையும் எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

எங்களுக்குச் சாதனை வேகம் வேண்டாம். யானைகள் கடக்கும் காட்டில் வண்டி மெதுவாகவே போகட்டும். அவை அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த மெதுவான ஓட்டத்தையும் கணக்கில் எடுத்து நேர அட்டவணை போடலாம் அல்லவா? கிழக்கு மாகாணத்து நோயாளிக்கும் மாணவருக்கும் நேரத்தின் அருமை தெரியாது என்று எண்ணிவிட்டீர்களா?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: இரவுத் தபால் வண்டி அறிவித்த நேரத்துக்குக் கொழும்பு சேர வேண்டும். வழியில் நிற்க நேர்ந்தால், பெட்டி பெட்டியாக வந்து காரணத்தைச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு முன்னராவது இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலைப் பயணி ஒருவர்