செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவையில் நம் பழங்கார் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. குடியரசு தின அணிவகுப்பில் 11 கார்கள் கலந்துகொண்டன. அவினாசி சாலை ஜி.டி. கார் மியூசியத்துக்குக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வந்தோம். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 மத்திய அரசு விதிப்படி ‘விஏ’ வரிசை எண் வாங்குவது பற்றி ஒரு கூட்டம் நடத்தினோம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. விவரம் வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம்.

பழைய காரை நாமே சேர்ந்து பழுதுபார்க்கும் ஞாயிறு பட்டறை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். போன பொதுக்குழுவில் நான் இதை முன்வைத்தபோது, நடக்காது என்று சொன்னவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். கணபதி பகுதியில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, உறுப்பினர் ஒருவர் கொடுத்த 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்து நிறுத்தினோம். வண்டலூரில் செய்த வண்டி. இருபது வருடம் வேப்பமரத்தடியில் நின்றதில் இஞ்சின் இறுகிப்போயிருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு, வழியே போன பெரியவர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். “இஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கா?” என்றார். பிளக்குகளைக் கழற்றி, டீசலையும் இஞ்சின் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து அந்தத் துளைகளில் ஊற்றினார். “ரெண்டு வாரம் யாரும் தொடாதீங்க. அவசரப்பட்டுத் திருப்பினா பிஸ்டன் ரிங் உடையும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் ஞாயிறு அவரே வந்து ஃபேனைப் பிடித்து மெல்லத் திருப்ப, இஞ்சின் சுற்றியது.

அவர்தான் இன்று நாம் ஹவில்தார் ஐயா என்று அழைப்பவர். வயது 71. ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவில் 24 ஆண்டு மெக்கானிக். செகந்திராபாத்தில் பயிற்சி, அப்புறம் லடாக்கின் லே வரைக்கும் பணி. சக்திமான் லாரி, நிசான் ஒரு டன், ஜோங்கா என்று ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த வண்டிகளோடு பழகியவர். லேயில் குளிருக்கு இஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க, ராத்திரியில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து ஸ்டார்ட் செய்வார்களாம். ஊர் திரும்பிச் சிங்காநல்லூரில் சொந்தமாகப் பட்டறை நடத்தியவர், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் கார்கள் வந்த பிறகு அதை மூடிவிட்டார்.

அவரை உறுப்பினராகச் சேர்த்ததற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு வந்தது. சொந்தமாகப் பழைய கார் இருந்தால்தான் உறுப்பினர் என்பது நம் விதி. அவரிடம் ஒரு டிவிஎஸ் 50 மட்டும்தான். விதி எனக்கும் தெரியும். தெரிந்தே, என் பொறுப்பில் சிறப்பு உறுப்பினராகச் சேர்த்தேன். நவம்பரில் குன்னூர் பயணத்தில், பர்லியாறு ஏற்றத்தில் மூன்று கார்கள் அடுத்தடுத்து நின்றன. இஞ்சின் சூட்டில், அதற்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைப் பம்பில் சுற்றி, அரை மணி நேரத்தில் மூன்றையும் கிளப்பியவர் அவர். அந்த மூன்றில் இரண்டு, எதிர்ப்புத் தெரிவித்தவர்களுடையவை.

அவர் சொல்லித்தான் கார்களில் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ்களை மாற்றத் தொடங்கினோம். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் கால ரப்பர் அதற்குத் தாங்காது, உப்பி வெடித்துவிடும். தீப்பிடிக்கும் விஷயம். இன்னும் மாற்றாதவர்கள் தயவுசெய்து இந்த மாதமே மாற்றுங்கள்.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 38 உறுப்பினர்களில் ஞாயிறு பட்டறைக்கு ஆறு பேருக்கு மேல் வந்த நாளில்லை. அணிவகுப்புக்கு வருகிறவர்கள் மாதம் ஒரு காலைப்பொழுதாவது கொட்டகைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா? 14 பேர் சந்தா கட்டவில்லை. மூன்று முறை நினைவூட்டினேன். அவர்களில் ஐந்து பேர் ஹவில்தார் ஐயாவிடம் வண்டி கொண்டுவந்து டியூனிங் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். அவர் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. பட்டறைச் செலவு கொஞ்சம் கூடியது, நன்கொடையில் ஈடுகட்டினோம். முழுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், ஹெரால்டின் பிரேக் வீல் சிலிண்டருக்குப் பித்தளை ஸ்லீவ் போட்டுத் தந்த கணபதி லேத் நண்பர்கள், டீ கொண்டுவந்த தம்பி ஆகிய அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. கார் இல்லாதவரும் முழு உறுப்பினராகலாம் என்ற விதித் திருத்தம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. நிறைவேற்றித் தாருங்கள். ஹவில்தார் ஐயாவுக்கு இப்போது, பிளக்குக்குப் பொறி வரவைக்கும் பாயிண்டின் இடைவெளி கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விரலால் உணர்ந்தே 0.015 அங்குலம் வைக்கிறார். கற்றுத்தர ஆசையாக இருக்கிறார். வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். மூன்று வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், பட்டறையை மூடிவிடக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

ஹெரால்டு இப்போது சொந்தமாக ஓடுகிறது. பெயின்ட் அடிக்க வேண்டும், சீட் தைக்க வேண்டும். கொட்டகை வாடகை செப்டம்பர் வரை கட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்