இந்தப் படி யாருடைய படி?

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை அவர்களுக்கும், பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் வணக்கம்.

இருவருக்கும் ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுகிறீர்கள்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான பணியக்கணக்கு லயத்திலிருந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு இறங்க 14 கல்படி. மேலிருந்து ஏழாவது படி முன்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதை ஒட்டித் தண்ணீர் வடியும் கான் உடைந்துபோய், மழைத் தண்ணீர் படி மேலேயே ஓடுகிறது. வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசி வரை விடாது. ஆனி பிறப்பதற்குள் கல் மறைந்து பச்சைப் பாசிதான் தெரியும். போன ஆடியில் என் பெரியம்மா விழுந்தது அந்த ஏழாவது படியில்தான். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, பொழுது சாயக் குடத்தோடு இறங்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முப்பது வருடமாகச் சரிவு மலையில் வழுக்காத கால் அது.

தோட்ட ஆபீசில் கேட்டோம். வேலை செய்யும்போது விழவில்லை, அதனால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் வராது என்றார்கள். சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை: “வாசலை நீங்கதானே சுத்தமா வச்சிருக்கணும்?”

துரை அவர்களே, தாவாரத்தில் ஒரு தகரம் போடுவதென்றாலும் உங்கள் ஆபீசில் கேட்க வேண்டும். அந்தப் படிக்கு நாங்களே சிமெந்து பூசுகிறோம் என்று முன்பே கேட்டபோது கூடாது என்றது உங்கள் ஆபீஸ்தான். தொட உரிமை இல்லாத படிக்கு விழுந்தவரே பொறுப்பா? நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பனி நடத்த மட்டுந்தான் செய்கிறது என்பீர்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. படியில் கை வைக்காதே என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரைத்தான் தேடுகிறேன்.

நுவரெலியாப் பக்கம் தையில் விழும் உறைபனி கொழுந்தைக் கருக்கும். எங்களை விழுத்துவது பாசி. கனடாவில் ஒன்டாரியோவில் இருக்கிற என் மச்சாளுக்குப் பனிதான் பயம். அங்கே ஒரு வீட்டுப் படியில் பனி உறைந்து யாராவது வழுக்கி விழுந்தால், அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். விழுந்தவரும் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2021இலிருந்து அப்படி. விழுந்தவுடனே காசு கிடைத்துவிடாது, வீட்டுக்காரர் நியாயமான கவனம் எடுத்தாரா என்று பார்ப்பார்கள். அதனால் உப்புத் தூவிய நேரத்தை மச்சாள் சமையலறைக் கலண்டரில் குறித்து வைக்கிறாள்.

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. இலங்கையில் நடப்பில் உள்ள ரோமன் டச்சுச் சட்டப்படி, பிறர் கவனக்குறைவால் காயப்பட்டவர் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். எங்களுக்கு அதில் ஒன்பது மாதம் போய்விட்டது. வழக்குக்கு லோயர் பிடிக்க எங்களிடம் காசில்லை என்ற தைரியத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

தவிசாளர் அவர்களே, “அது தோட்டத்துக்குள்ள” என்ற பதிலை இனி மாற்றுங்கள். தோட்டத்துக்குள் செலவழிக்க இடம் தராத 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்திவிட்டார்கள்.

இருவரும் பேசி, கானை யார் கட்டுவது, படி யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சிமெந்தும் மணலும் வந்தால் கூலி வேண்டாம், லயத்து ஆட்களே இறங்கிச் செய்வோம்.

பெரியம்மா இப்போது காம்பராவை விட்டு வெளியே வருவதில்லை. பீலிக்கு அவருடைய பேத்தி போகிறாள், பன்னிரண்டு வயது. ஏழாவது படியை மிதிக்காமல் குடத்தோடு தாண்டிக் குதிக்கப் பழகியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பணியக்கணக்கு லயத்திலிருந்து ஒருவன்