செவலை மாடு விஷயமாக

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பத்து நாளாய் நீ போன் எடுக்கவில்லை, வேலை அதிகம் போல.

மாப்பிள்ளை வீட்டு ஜெர்சிக் கன்று செத்ததைப் பால் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 106 டிகிரி காய்ச்சலாம், தோளுக்கு முன்னால் எலுமிச்சை அளவு கழலையாம். மிச்ச இரண்டு மாட்டுக்கும் காலை, மாலை காய்ச்சல் பார். கழலை தட்டுப்பட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, காது நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். உண்ணி கடித்து வரும் தைலேரியா காய்ச்சல் என்றால் பியூபார்வாகுவோன் ஊசி. தொடக்கத்திலேயே போட வேண்டும், கண் வெளுத்த பிறகு போட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

ராத்திரி டார்ச் அடித்துத் தொழுவத்துச் சுவர் இடுக்கில் உண்ணி இருக்கிறதா பார். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். ஒன்று விழுந்தால் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நசுக்காதே, மண்ணெண்ணெயில் போடு. கோத்தகிரிக் குளிரில் உண்ணி ஏது என்பார் உன் மாமனார். மாட்டோடு லாரி ஏறி வருவதற்குக் குளிர் என்ன, வெயில் என்ன?

பத்து வயதிலேயே செவலையின் அம்மாவுக்குக் கன்று இழுத்துப் போட்டவள் நீ. ஊரே பேசியது. அப்படிப்பட்டவள் காய்ச்சல் கண்ட அன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கேட்க எனக்கு வாயில்லை, சாமி. நீ ஹாஸ்டலில் இருந்த அந்தச் சித்திரையில் செவலைக்கும் இதே காய்ச்சல்தான். ஊசியில் பிழைத்தது. பிழைத்த மாட்டின் ரத்தத்தில் கிருமி தங்கிவிடும், மாடு நன்றாகத்தான் தெரியும், அதைக் கடித்த குட்டி உண்ணி வளர்ந்து வேறு மாட்டைக் கடித்தால் அதற்கும் ஏறும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். தலையாட்டினேன். எட்டு மாதம் கழித்து அதற்கே மஞ்சள் பூசி, மாலை போட்டு, சீர் என்று உன்னோடு ஏற்றிவிட்டேன். உண்ணிகூடப் பொறுக்கவில்லை. வேறு மாடு வாங்கக் கையில் பணமில்லை, சம்பந்தி முன்னால் வெறுங்கையோடு நிற்கவும் மனசில்லை.

உன் மாமியார் உன்னைத்தான் பேசியிருப்பார். இதை அவரிடம் படித்துக் காட்டு. செவலையைத் தனியாகக் கட்டு, யாருக்கும் விற்றுவிட வேண்டாம். காய்ச்சல் பார்க்க மறக்காதே, காலையும் மாலையும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இடுக்கெல்லாம் நானே பூசித் தருகிறேன், சிமெண்டு மட்டும் வாங்கி வை.

அப்பா